மூன்று நிமிடத் தட்டும் பத்து நொடி நினைவகமும்: அமெரிக்க வெகுசன இசையை ஒலிப்பதிவுக் கருவிகள் வடிவமைத்த விதம்

அமெரிக்க வெகுசன இசையின் வரலாற்றை முதன்முதலாகப் படிக்கத் தொடங்குபவரின் கையில் பெரும்பாலும் ஒரு வம்சாவளிப் பட்டியல்தான் தரப்படுகிறது. அடிமைத்தளையில் வாடிய ஆப்பிரிக்க வம்சத்தவரின் வயற்பாடல்களிலிருந்து ப்ளூஸ் பிறந்தது, ப்ளூஸும் அணிவகுப்பு வாத்திய இசையும் கலந்து ஜாஸ் வந்தது, ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் குடியேறியவர்களின் கதைப்பாடல்களிலிருந்து கன்ட்ரி இசை கிளைத்தது, பிறகு ராக் அண்ட் ரோல், அதன்பின் ஹிப் ஹாப் என்று அந்தப் பட்டியல் நீளும். அதில் பெரிய தவறு ஏதுமில்லை. ஆனால் அந்த வம்சாவளியில் இரண்டு உறுப்பினர்கள் விடுபட்டுப் போகிறார்கள். ஒருவர், பாட்டைப் பதிந்த இயந்திரம். மற்றவர், பதிந்த பாட்டை எந்த அலமாரியில் வைத்து யாருக்கு விற்பது என்று முடிவுசெய்த வணிகர். ஒரு பாட்டு எவ்வளவு நேரம் நீளலாம், அதில் எந்த வாத்தியம் காதில் விழும், பாடகர் உரக்கப் பாட வேண்டுமா அல்லது மெல்லப் பாடினால் போதுமா என்பவற்றுக்கெல்லாம் அந்தந்தக் காலத்து இயந்திரமே எல்லை வகுத்தது. அந்தப் பாட்டுக்கு என்ன வகைப்பெயர் சூட்டுவது என்பதைப் பெரும்பாலும் வணிகர் தீர்மானித்தார்.

ஒலியைப் பதிந்து மீண்டும் கேட்கச் செய்த முதல் கருவி, தாமஸ் எடிசன் 1877-இல் உருவாக்கிய ஃபோனோகிராஃப் ஆகும். வெள்ளீயத் தகடு சுற்றிய ஓர் உருளையின் மீது ஊசி ஒன்று ஒலியின் அதிர்வைக் கீறியது. பின்னர் தகட்டின் இடத்தை மெழுகு உருளை பிடித்தது. எமில் பெர்லினர் 1887-இல் வடிவமைத்த கிராமபோனில் உருளைக்குப் பதிலாகத் தட்டையான வட்டத் தட்டு வந்தது. இது வெறும் வடிவ மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் இசையை ஒரு வணிகமாக மாற்றியது இந்த மாற்றமே. முதலில் செதுக்கிய தட்டிலிருந்து உலோக அச்சு ஒன்றை எடுத்துவிட்டால், அதைக் கொண்டு ஆயிரக்கணக்கான படிகளை அழுத்தி எடுத்துவிடலாம். தொடக்க கால உருளைகளிலோ, கூடுதல் படிகள் வேண்டுமென்றால் கலைஞரே அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டியிருந்தது.

1925-க்கு முந்தைய ஒலிப்பதிவில் மின்சாரத்துக்கு இடமே இல்லை என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. அறையின் சுவரிலிருந்து ஓர் உலோகக் குழல் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அகன்ற வாய்க்கு முன்னால் நின்று கலைஞர்கள் வாசிப்பார்கள். குறுகிய முனையில் ஒரு மெல்லிய சவ்வும் அதனோடு இணைந்த ஊசியும் இருக்கும். குழலுக்குள் நுழையும் ஒலியின் ஆற்றல் மட்டுமே சவ்வை அதிரவைத்து, ஊசியை அசைத்து, சுழலும் மெழுகுத் தட்டில் வரியைக் கீற வேண்டும். ஒலியைப் பெருக்கிக் கொடுப்பதற்கு எந்த வழியும் கிடையாது. ஆகவே ஊசியை அசைக்கும் அளவுக்கு ஓசை எழுப்பாத வாத்தியம் பதிவாகாது; அளவுக்கு மீறி அதிரும் வாத்தியமோ ஊசியைத் துள்ளவைத்துத் தட்டையே பாழாக்கிவிடும். வயலினின் மெல்லோசை குழலுக்கு எட்டாது என்பதால், அதன் மரப்பெட்டியை நீக்கிவிட்டு உலோகக் குழலைப் பொருத்திய ஸ்ட்ரோ வயலின் என்றொரு விந்தையான கருவியே ஒலிப்பதிவுக் கூடங்களுக்காக உருவாக்கப்பட்டது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 சுற்றுகள் சுழன்ற 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிட இசைக்கே இடமிருந்தது. இன்றும் ஒரு வெகுசனப் பாட்டு என்றால் மூன்று, நான்கு நிமிடம் என்று காது எதிர்பார்ப்பதற்கு மூலகாரணம் அந்தத் தட்டின் விட்டம்தான்.

இந்தக் கட்டுப்பாடுகள் ஒரு புதிய இசையின் மேல் எப்படிப் படிந்தன என்பதைக் காண்பதற்கு, இந்தியானா மாநிலத்து ரிச்மண்ட் என்ற சிறு நகரில் 1923 ஏப்ரலில் நடந்த ஓர் ஒலிப்பதிவைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஸ்டார் என்ற பியானோ நிறுவனம் தன் தொழிற்சாலை வளாகத்திலேயே ஜெனட் என்ற பெயரில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தை நடத்தி வந்தது. கூடத்தை ஒட்டியே இருப்புப்பாதை சென்றதால், ரயில் கடக்கும்போதெல்லாம் பதிவை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. சிகாகோவிலிருந்து அங்கு வந்த கிங் ஆலிவரின் ஜாஸ் குழுவில் லூயி ஆம்ஸ்ட்ராங் என்ற இளைஞர், ட்ரம்பெட்டை ஒத்த ஊதுகருவியான கார்னெட்டை இரண்டாவது இடத்தில் வாசித்தார். அவருடைய ஊதலின் வலிமை குழுத் தலைவரின் வாசிப்பை விழுங்கிவிட்டதால், அவரை மற்றவர்களிடமிருந்து வெகுதூரம் தள்ளி அறையின் மூலையில் நிற்கவைத்தனர் என்றும், அவர் முகம் வாடி நின்றார் என்றும் பியானோ வாசித்த லில் ஹார்டின் பின்னாளில் நினைவுகூர்ந்தார். (அடுத்த ஆண்டே அவர்கள் இருவரும் மணம் செய்துகொண்டனர்.) தாள வாத்தியக் கலைஞர் பேபி டாட்ஸ் தம் முரசுகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு மரக்கட்டைகளைத் தட்டித் தாளம் போட்டார். அந்தத் தட்டுகளை மட்டும் கேட்ட ஒருவர், அக்காலத்து ஜாஸில் முரசுக்கு இடமில்லை, கட்டைத்தாளமே உண்டு என்று முடிவுசெய்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. உண்மையில் அந்த இசை நடன அரங்குகளில் முரசு அதிர, ஒரே பாட்டு பத்து நிமிடத்துக்கும் மேல் நீள ஒலித்துக்கொண்டிருந்தது. தட்டில் நமக்குக் கிடைத்திருப்பது, இயந்திரத்தின் வடிகட்டியைத் தாண்டி வந்த ஜாஸ் மட்டுமே.

இனி வணிகத்தின் பக்கம் வருவோம். 1920 ஆகஸ்டில் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி ஓகே நிறுவனத்துக்காக ஒரு ப்ளூஸ் பாட்டைப் பதிந்தார். கறுப்பின மக்கள் இசைத்தட்டு வாங்க மாட்டார்கள் என்று அதுவரை நம்பியிருந்த நிறுவனங்கள், அந்தத் தட்டு சில மாதங்களுக்குள் பல்லாயிரக்கணக்கில் விற்றதைக் கண்டு விழித்துக்கொண்டன. விரைவில் கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளுக்கென்று தனி எண்வரிசையும் தனி விளம்பரமும் வந்தன. அவற்றுக்கு இனத் தட்டுகள் என்று பெயரிட்டனர். மூன்றாண்டுகள் கழித்து, அதே நிறுவனத்தின் ரால்ஃப் பீர் என்பவர் எடுத்துச்செல்லத்தக்க பதிவுக் கருவியுடன் அட்லாண்டாவுக்குச் சென்று, ஃபிட்லின் ஜான் கார்சன் என்ற முதிய வெள்ளையின வயலின் கலைஞரைப் பதிந்தார். அந்தப் பாட்டு பீருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் அவ்வூர் மரச்சாமான் வியாபாரி ஒருவர் 500 தட்டுகள் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். அவை சூட்டோடு சூடாக விற்றுப்போயின. மரச்சாமான் வியாபாரிக்கு இசையில் என்ன வேலை என்று கேட்கலாம். கிராமபோன் அன்று வரவேற்பறையில் வைக்கும் மரப்பெட்டியாக இருந்தது. அதை விற்ற கடையே அதில் போட்டுக் கேட்கத் தட்டையும் விற்றது. இப்படித் தென்மாநிலத்து வெள்ளையினக் கிராமத்தாருக்கென்று உருவான அலமாரிக்கு ஹில்பில்லி என்ற, பட்டிக்காட்டான் என்ற ஏளனம் தொனிக்கும் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆக, பின்னர் ரிதம் அண்ட் ப்ளூஸ் என்றும் கன்ட்ரி என்றும் அறியப்பட்ட இரண்டு பெரும் வகைகளும் சந்தையில் நுழைந்தபோது, அவற்றுக்கிடையே இருந்த கோடு சுரத்தையோ தாளத்தையோ வைத்து வரையப்பட்டதன்று. வாங்குபவரின் தோல் நிறத்தை வைத்து வரையப்பட்டது. என்னைக் கேட்டால், அமெரிக்க இசை வகைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகளில் இதுவே முதன்மையானது. ஏனெனில், அக்காலத்துத் தென்மாநிலங்களில் கறுப்பினக் கலைஞர்களும் வெள்ளையினக் கலைஞர்களும் ஒரே நடனப் பாட்டுகளை, ஒரே தேவாலயப் பாடல்களை, பல சமயங்களில் ஒரே வாத்தியங்களில் வாசித்து வந்தனர். கன்ட்ரி இசையின் அடையாளமாகக் கருதப்படும் பாஞ்சோ என்ற நரம்புக் கருவியே ஆப்பிரிக்க வம்சத்தவரின் கையில் உருவான கருவிதான்.

1925-இல் மின்சாரம் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசி ஆய்வின் வழியாக உருவாக்கிய முறையை விக்டர், கொலம்பியா ஆகிய இரு பெரிய நிறுவனங்களும் விலைகொடுத்துப் பெற்றன. குழலின் இடத்துக்கு மைக் வந்தது. அது பிடித்த ஒலியைப் பெருக்கியின் வழியாகப் பெரிதாக்கி ஊசிக்கு அனுப்பினர். இனி ஊசியை அசைக்கும் பொறுப்பு பாடகரின் தொண்டைக்கு இல்லை. குழலில் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸை ஒட்டியே மங்கிவிட்ட மேல் ஒலிகள், புதிய முறையில் ஏறத்தாழ 5000 ஹெர்ட்ஸ் வரை பதிவாயின. தாழ்ந்த ஒலிகளும் தெளிவுபெற்றன. டூபா என்ற பெரிய ஊதுகருவியின் இடத்தில், பேஸ் எனப்படும் தாழ்ந்த சுர நரம்புக் கருவி நிற்க முடிந்தது. முரசு தன் உண்மையான குரலைத் திரும்பப் பெற்றது.

இதனினும் பெரிய மாற்றம் பாடும் முறையில் நேர்ந்தது. அதுவரை, அரங்கின் கடைசி வரிசைக்கு எட்டும்படி பாடக்கூடியவரே பாடகர். மைக்கின் முன்னால் காதோடு பேசுவதுபோல் பாடினாலே போதும் என்றானபின், க்ரூனர் எனப்பட்ட மென்குரல் பாடகர்கள் தோன்றினர். ரூடி வல்லியும் பிங் கிராஸ்பியும் அவர்களில் பெயர்பெற்றவர்கள். வானொலியும் வீட்டுக்கு வந்துவிட்ட காலம் அது. முன்பின் தெரியாத ஓர் ஆண்குரல் வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டு வீட்டுப் பெண்களிடம் கொஞ்சுவதுபோல் ஒலித்தது பலருக்கு உறுத்தியது. பாஸ்டன் நகரத்துக் கார்டினல் வில்லியம் ஓகானல் 1932-இல் இந்தப் பாணியை வெளிப்படையாகவே கண்டித்தார். அவருடைய கண்டனம் இன்று வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் மைக் வெறும் பதிவுக் கருவியன்று, பாடகருக்கும் கேட்பவருக்கும் இடையிலுள்ள தொலைவையே மாற்றிவிட்ட கருவி என்பதை அவர் சரியாகவே உணர்ந்திருந்தார் என்று சொல்ல வேண்டும்.

அதே மைக்குடன், இப்போது விக்டர் நிறுவனத்துக்காக வேலைசெய்த ரால்ஃப் பீர், 1927 கோடையில் டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகருக்கு வந்து, தொப்பி நிறுவனம் ஒன்று பயன்படுத்திய கட்டடத்தின் மாடியில் கருவிகளை அமைத்தார். எதிரொலியைத் தடுக்கச் சுவர்களில் கம்பளிகள் தொங்கின. பதிவுத் தட்டு ஒரே சீரான வேகத்தில் சுழல வேண்டும் என்பதற்காக, அதைச் சுழற்றும் வேலை மின் மோட்டாரிடம் ஒப்படைக்கப்படாமல், கப்பியில் கட்டித் தொங்கவிட்ட எடை மெல்லக் கீழே இறங்கும் விசையிடம் ஒப்படைக்கப்பட்டது. பாட்டு ஒன்றுக்கு 50 டாலர் என்ற செய்தி பரவியதும் மலைக் கிராமங்களிலிருந்து கலைஞர்கள் வந்து குவிந்தனர். ஆகஸ்ட் முதல் வாரத்தில் அங்கு பாடியவர்களில் கார்ட்டர் குடும்பத்தாரும் ஜிம்மி ராஜர்ஸும் இருந்தனர். கன்ட்ரி இசையின் வரலாறு இன்றும் அந்த வாரத்திலிருந்தே எண்ணப்படுவது வழக்கம். மேபல் கார்ட்டர் கட்டைவிரலால் கிட்டாரின் தடித்த நரம்புகளில் மெட்டை வாசித்துக்கொண்டே, மற்ற விரல்களால் மெல்லிய நரம்புகளை வருடித் தாளத்தையும் காத்தார். பழைய குழலின் முன்னால் அந்த வாசிப்பில் பாதி காற்றோடு போயிருக்கும். மைக் அதைத் துல்லியமாகப் பிடித்ததால், அந்தத் தட்டுகளைக் கேட்டே இரண்டு தலைமுறைக் கிட்டார் கலைஞர்கள் அந்த விரல்முறையைக் கற்றுக்கொண்டனர்.

அலமாரிகளின் சுவர் எவ்வளவு செயற்கையானது என்பதற்கு 1930 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஒரு பதிவு போதும். கன்ட்ரி இசையின் தந்தை என்று போற்றப்படும் ஜிம்மி ராஜர்ஸ் ஒரு ப்ளூஸ் பாட்டைப் பாட, உடன் ட்ரம்பெட் ஊதியவர் லூயி ஆம்ஸ்ட்ராங்; பியானோவில் லில் ஹார்டின். தட்டின் மேலிருந்த சீட்டில் ஆம்ஸ்ட்ராங்கின் பெயர் அச்சிடப்படவில்லை.

அதன்பின் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. 1927-இல் பத்துக் கோடியைத் தாண்டியிருந்த ஆண்டு விற்பனை 1932-இல் அறுபது லட்சம் என்ற அளவுக்குச் சரிந்தது. இசையை இலவசமாகக் கொடுத்த வானொலியும் அந்தச் சரிவுக்கு ஒரு காரணம். மதுக்கடைகளிலும் உணவகங்களிலும் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகள்தான் அத்தொழிலை மீண்டும் தூக்கி நிறுத்தின. கூச்சல் நிறைந்த இடத்தில் கேட்க வேண்டும் என்ற தேவை, அழுத்தமான தாளத்தையும் உரத்த ஒலியையும் விரும்பியது. மிசிசிப்பியிலிருந்து 1943-இல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்த மடி வாட்டர்ஸ், நகரத்து மதுக்கூடங்களில் மரக்கிட்டார் யார் காதிலும் விழவில்லை என்பதால் மின்கிட்டாருக்கு மாறினார். சிகாகோ ப்ளூஸ் என்ற தனி வகை அந்த ஒலிபெருக்கியிலிருந்துதான் புறப்பட்டது.

அடுத்த பெரிய திருப்பம் ஜெர்மனியிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில், ஜாக் மல்லின் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் அங்கே கண்டெடுத்த இரண்டு காந்த நாடா இயந்திரங்களையும் ஐம்பது நாடாச் சுருள்களையும் தாயகத்துக்குக் கொண்டுவந்து, 1946-இல் சான் பிரான்சிஸ்கோவில் பொறியாளர்கள் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். முன்னர் நாம் சந்தித்த பிங் கிராஸ்பி இங்கே மறுபடியும் வருகிறார். வாரந்தோறும் வானொலியில் நேரலையாகப் பாடுவதில் சலிப்புற்றிருந்த அவர், நாடாவில் பதிந்த நிகழ்ச்சிக்கும் நேரலைக்கும் வேறுபாடு தெரியவில்லை என்பதை உடனே கண்டுகொண்டு, கலிபோர்னியாவின் சிறு நிறுவனமான ஆம்பெக்ஸுக்கு 50,000 டாலர் அனுப்பி அத்தகைய இயந்திரங்களைச் செய்யச் சொன்னார். நாடாவின் சிறப்பு அதன் தெளிவு மட்டுமன்று. அதைச் சவரத் தகட்டால் வெட்டலாம், ஒட்டலாம். ஒரு நிகழ்ச்சியில் எழுந்த சிரிப்பை வேறொரு நிகழ்ச்சியின் சாரமற்ற நகைச்சுவைக்குப் பின்னால் ஒட்டும் வழக்கமும் கிராஸ்பியின் நிகழ்ச்சியிலேயே தொடங்கிவிட்டது. அதுவரை ஒலிப்பதிவு என்பது நடந்து முடிந்த ஒரு வாசிப்பின் சாட்சி. நாடா வந்தபின், எங்குமே நடந்திராத ஒரு வாசிப்பைக்கூட உருவாக்கிவிடலாம் என்றாயிற்று.

அதைச் செய்து காட்டியவர் கிட்டார் கலைஞர் லெஸ் பால். கிராஸ்பி அவருக்கு ஆம்பெக்ஸ் இயந்திரம் ஒன்றைப் பரிசளித்தார். லெஸ் பால் அதில் கூடுதலாக ஒரு காந்தத் தலையை, அதாவது நாடாவில் ஒலியைப் பதியவோ படிக்கவோ செய்யும் உறுப்பைப் பொருத்தி, ஏற்கெனவே பதிந்த வாசிப்பைக் கேட்டபடியே அதன்மேல் இன்னொரு வாசிப்பைச் சேர்த்துப் பதியும் வழியைக் கண்டார். மேற்பதிவு என்று இதைச் சொல்லலாம். இதில் ஓர் ஆபத்தும் இருந்தது: புதிய அடுக்கைச் சேர்க்கும்போது பழைய பதிவு அழிந்து, இரண்டும் கலந்த பதிவே மிஞ்சும், பத்தாவது அடுக்கில் விரல் தவறினால் முதல் அடுக்கிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதுதான். இந்த முறையில் அவரும் அவருடைய மனைவி மேரி ஃபோர்டும் வெளியிட்ட தட்டு 1951-இல் ஒன்பது வாரம் விற்பனையில் முதலிடம் வகித்தது. கேட்டவர்களுக்கு ஒரு கிட்டார்க் கூட்டமும் ஒரு பாடகியர் குழுவும் ஒலித்தன. இருந்தவர்களோ இரண்டே பேர்.

அதே ஆண்டு, டென்னசியின் மெம்ஃபிஸ் நகரில் சாம் ஃபிலிப்ஸ் நடத்திவந்த சிறு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு, மிசிசிப்பியிலிருந்து ஐக் டர்னரின் குழு வந்து இறங்கியது. வரும் வழியில் கிட்டார் ஒலிபெருக்கி அடிபட்டு, அதன் கூம்பு கிழிந்திருந்தது. ஃபிலிப்ஸ் காகிதத்தைச் சுருட்டி உள்ளே திணித்துப் பதிவைத் தொடர்ந்தார். அதிலிருந்து வந்த கரகரத்த ஒலி அவருக்குப் பிடித்தும்போயிற்று. முதல் ராக் அண்ட் ரோல் தட்டு எது என்ற முடிவில்லாத வாதத்தில் இந்தத் தட்டின் பெயர் தவறாமல் அடிபடும். ராக் இசையின் முத்திரையாகப் பின்னர் ஆகிவிட்ட கரகரப்பு, இங்கே ஒரு பழுதாகத்தான் உள்ளே வந்தது. ஃபிலிப்ஸின் இன்னொரு உத்தி எதிரொலி. நாடா இயந்திரத்தில் பதியும் தலைக்கும் ஒலிக்கும் தலைக்கும் இடையே சிறிய இடைவெளி உண்டு. இரண்டாவது இயந்திரம் ஒன்றில் பதிந்து, அதிலிருந்து நொடியின் ஒரு சிறு பங்கு தாமதித்து வரும் ஒலியை மூல ஒலியோடு கலந்தால், குரல் சுவரில் பட்டுத் திரும்புவதுபோல் துடிக்கும்.

1954 ஜூலையில் எல்விஸ் பிரெஸ்லி பாடிய முதல் தட்டில் இந்தத் துடிப்பைக் கேட்கலாம். இரண்டு கிட்டார்களும் ஒரு பேஸும் மட்டுமே வாசிக்கப்பட்ட அந்தத் தட்டில் முரசு இல்லை. இல்லாத முரசின் இடத்தை எதிரொலியும் பேஸ் நரம்பின் அறையும் நிரப்பின. அந்தத் தட்டின் ஒரு பக்கத்தில் ஆர்தர் கிருடப் என்ற கறுப்பினக் கலைஞரின் ப்ளூஸ் பாட்டும், மறுபக்கத்தில் பில் மன்ரோவின் கன்ட்ரிப் பாட்டும் இருந்தன. இனத் தட்டுகள் என்ற பெயரை, இசை விற்பனைத் தரவரிசைகளை வெளியிடும் பில்போர்டு வார இதழ் 1949-இல்தான் கைவிட்டு, ரிதம் அண்ட் ப்ளூஸ் என்று மாற்றியிருந்தது. கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன் என்ற பெயரும் அதே ஆண்டில் வந்ததுதான். இரண்டு அலமாரிகளுக்கும் உரிய பாட்டுகள் ஒரே தட்டின் இரு முகங்களாக வந்து நின்றபோது, கடைக்காரருக்கு மூன்றாவதாக ஓர் அலமாரி தேவைப்பட்டது.

தட்டும் இதற்குள் மாறிவிட்டிருந்தது. கொலம்பியா நிறுவனம் 1948-இல் வெளியிட்ட, நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடமிருந்தது. ஜாஸ் கலைஞர்கள் நினைத்த நீளத்துக்கு வாசிக்க முதன்முறையாக இடம் கிடைத்தது. மறு ஆண்டே ஆர்சிஏ விக்டர் கொண்டுவந்த 45 சுற்றுச் சிறுதட்டு, விலை மலிவாகவும் ஜூக்பாக்ஸுக்கு ஏற்றதாகவும் இருந்ததால் இளைஞர் இசையின் ஊர்தியாயிற்று. 1959-இல் பெர்ரி கோர்டி டெட்ராய்ட்டில் தொடங்கிய மோட்டவுன் நிறுவனம் இந்தச் சிறுதட்டையும் கார் வானொலியையும் மனத்தில் வைத்தே இயங்கியது. பாட்டைக் கலந்து முடித்ததும், கார் ஒலிபெருக்கியை ஒத்த சிறிய பெட்டியில் போட்டுக் கேட்டுச் சரிபார்த்தனர். உயர்தரக் கருவியில் நன்றாக ஒலித்தால் மட்டும் போதாது என்பது அவர்கள் கட்சி. ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டாரை மைக் இல்லாமல் நேராகக் கலவைக் கருவியில் இணைத்துப் பதிந்ததால், அந்தச் சிறு பெட்டியிலும் அது தெளிவாகக் கேட்டது. நான்கு, எட்டு, பதினாறு, இருபத்து நான்கு என்று நாடாவின் தடங்கள் பெருகப் பெருக, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே பதிந்து பின்னர் கலக்கும் முறை 1970-களில் நிலைபெற்றது. ராக் இசையின் பிரம்மாண்டமெல்லாம் இந்தத் தடங்களின் கொடைதான்.

இதுவரை பார்த்தவற்றில் கருவி இசைக்குத் துணைநின்றது. கருவியே வாத்தியமானது ஹிப் ஹாப்பில். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில், 1973 ஆகஸ்ட் 11 அன்று சிண்டி கேம்பல் என்ற பெண், பள்ளி திறப்பதற்கு முன் புத்தாடை வாங்கப் பணம் திரட்டுவதற்காக ஒரு நடன விருந்து நடத்தினார். தட்டுகளை ஒலிக்கவிட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ், ஜமைக்காவிலிருந்து குடியேறியவர். டிஜே கூல் ஹெர்க் என்ற பெயரில் அறியப்படுபவர். பாட்டு நடுவே மற்றவை ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில்தான் ஆடுவோர் களம் இறங்குகிறார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார். அந்தச் சில நொடிகளை நீட்டுவதற்கு, ஒரே தட்டின் இரண்டு படிகளை இரண்டு சுழல்மேடைகளில் வைத்து, ஒன்றில் அந்தப் பகுதி முடியும்போது மற்றொன்றில் அதைத் தொடக்கத்திலிருந்து ஒலிக்கச்செய்யும் முறையை அவர் உருவாக்கினார். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் தட்டின் மேல் வண்ணக்குச்சியால் கோடிட்டு, அந்த இடத்தை விரலாலேயே துல்லியமாகத் திருப்பிப் பிடித்தார். மோட்டாரோடு மேடை நேரடியாக இணைந்த டெக்னிக்ஸ் சுழல்மேடைகள், கையால் நிறுத்தினாலும் பின்னால் சுழற்றினாலும் விட்டவுடன் உரிய வேகத்தைப் பிடித்துக்கொண்டதால், இந்தக் கலை அவற்றின் மேல் வளர்ந்தது.

இந்த இசை முதலில் தட்டுக்குள் அடங்க மறுத்தது. அது இரவு முழுவதும் நடக்கும் ஒன்று. டிஸ்கோ நடனக்கூடங்களுக்காக 1970-களின் நடுவில் உருவான 12 அங்குலத் தனித்தட்டு அதற்கு வழிசெய்தது. அகன்ற தட்டில் வரிகளை விலக்கிச் செதுக்கினால் ஒலி உரத்து, பேஸ் ஆழமாக வரும், நீளத்துக்கும் இடமிருக்கும். 1979-இல் வெளிவந்து தாளத்தோடு இயைந்து வரிகளைப் பேசும் பாணியான ராப்பை நாடு முழுவதும் கொண்டுசேர்த்த ஷுகர்ஹில் கேங் குழுவின் தட்டு பதினான்கு நிமிடத்துக்கு மேல் ஓடியது. அடுத்து வந்தது ரோலண்ட் டிஆர்-808 என்ற ஜப்பானியத் தாளக்கருவி. உண்மையான முரசைப்போல் அது ஒலிக்கவில்லை என்று பலர் ஒதுக்கியதால், 1980-இல் வந்த அதன் உற்பத்தி 1983-இலேயே நின்றது. பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்த அந்தக் கருவியின் நீண்டு முனகும் ஆழ்ந்த அடியைத்தான் ஹிப் ஹாப் தன் அடித்தளமாக ஆக்கிக்கொண்டது.

1987-இல் வந்த எஸ்பி-1200 என்ற கருவி, பழைய தட்டுகளிலிருந்து ஒலித் துண்டுகளை எடுத்து நினைவகத்தில் வைத்து, விரும்பிய வரிசையில் ஒலிக்கவிட உதவியது. இப்படி எடுக்கும் துண்டுக்கு சாம்பிள் என்று பெயர். அதன் நினைவகத்தில் மொத்தம் பத்து நொடி ஒலிக்கே இடமிருந்தது. ஒரு தனித் துண்டு இரண்டரை நொடிக்கு மேல் நீளவும் முடியாது. இதைச் சமாளிக்க, 33 சுற்றுத் தட்டை 45 சுற்று வேகத்தில் ஓடவிட்டுப் பதிந்து, பின்னர் கருவிக்குள் அதன் வேகத்தைக் குறைத்தனர். இடம் மிச்சமானது, ஒலி சற்றுச் சொரசொரப்பானது. அந்தச் சொரசொரப்பையே அக்காலத்து நியூயார்க் ராப்பின் சுவையாக ரசிகர்கள் இன்றும் தேடுகிறார்கள். பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் முரசு வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் ஒரு சில நொடித் தாளம் இவ்வாறு எண்ணற்ற பாட்டுகளுக்குள் புகுந்தது. பாட்டின் ஆசிரியராக அவர் பெயர் பதிவாகியிராததால், அந்த உரிமத்தொகையில் அவருக்குப் பங்கு கிடைக்கவில்லை. 1991 டிசம்பரில், ராப் கலைஞர் பிஸ் மார்க்கி அனுமதியின்றிச் சாம்பிள் எடுத்த வழக்கில், நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் திருடாதே என்ற விவிலியக் கட்டளையோடு தன் தீர்ப்பைத் தொடங்கியது. அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதியும் கட்டணமும் தேவைப்பட்டன. ஒரே பாட்டில் பத்துப் பதினைந்து துண்டுகளை அடுக்கும் பாணி கட்டுப்படியாகாமல் போயிற்று. ஒன்றிரண்டு துண்டுகளை வைத்தோ, கலைஞர்களைக் கொண்டு மெட்டை மீண்டும் வாசிக்கவைத்தோ பாட்டமைக்கும் முறை மேலோங்கியது. ஓர் இசை வகையின் ஒலி ஒரு தீர்ப்பால் மாறியது.

அதே 1991-இல், பாட்டை எண்ணும் கருவியும் மாறியது. அதுவரை பில்போர்டு தரவரிசை, கடைக்காரர்கள் தாமாகச் சொன்ன கணக்கை நம்பியிருந்தது. அவர்களுடைய விருப்பு வெறுப்பும் அதில் கலந்தது. சவுண்ட்ஸ்கேன் என்ற முறை, கல்லாவில் பட்டைக்குறியீட்டை வருடும்போதே விற்பனையைப் பதிந்தது. புதிய முறை வந்த சில வாரங்களுக்குள் என்டபிள்யூஏ என்ற ராப் குழுவின் தொகுப்பு முதலிடத்தைப் பிடித்தது. செப்டம்பரில் கன்ட்ரிப் பாடகர் கார்த் புரூக்ஸின் தொகுப்பு நேராக முதலிடத்திலேயே நுழைந்தது. ஓரங்கட்டப்பட்ட இரண்டு அலமாரிகளும் உண்மையில் எவ்வளவு விற்றுக்கொண்டிருந்தன என்பது அப்போதுதான் நிறுவனங்களுக்குத் தெரியவந்தது.

பிறகு நிகழ்ந்தவை அண்மைக்காலத்தவை, பலரும் அறிந்தவை என்பதால் விரைந்து கடக்கலாம். நாடாவின் வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது. எண்ணெய் நிறுவனங்களுக்காக நிலத்தடி அதிர்வுகளைக் கணித்துவந்த ஆண்டி ஹில்டிபிராண்ட், அந்தக் கணிதத்தைக் குரலுக்குப் பொருத்தி 1997-இல் ஆட்டோ-ட்யூன் மென்பொருளை வெளியிட்டார். சுருதி விலகலை யாரும் அறியாமல் திருத்துவதற்காகச் செய்யப்பட்ட அது, மறு ஆண்டே ஷெர் என்ற பாடகி பாடிய பாட்டில் வேண்டுமென்றே அளவுமீறித் திருகப்பட்டு, இயந்திரக் குரலாக ஒலித்தது. பின்னர் டி-பெய்ன் போன்ற பாடகர்களால் ஹிப் ஹாப்பின் பாடுமுறையாகவே ஆனது. 1999-இல், இணையத்தில் பாட்டுகளை இலவசமாகப் பகிர்ந்துகொள்ள உதவிய நாப்ஸ்டர் வந்தபின் தட்டு என்ற பொருளே தேவையற்றதாகி, கடையின் அலமாரியும் மறையத் தொடங்கியது. இணையச் சேவைகளில் பொதுவாக முப்பது நொடி ஓடினால் ஒரு பாட்டு கேட்கப்பட்டதாகக் கணக்கு என்பதால், நீண்ட முன்னிசை கொண்ட பாட்டுகள் அருகிப்போயின.

அலமாரி மறைந்தாலும் அதன் பெயர்ப்பலகை மறையவில்லை. அட்லாண்டாவைச் சேர்ந்த லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞர், டச்சு இளைஞர் ஒருவர் அமைத்த பின்னணி இசையை இணையத்தில் 30 டாலருக்கு வாங்கி, அதன்மேல் ஒரு கௌபாய் பாட்டைப் பாடி 2018 டிசம்பரில் வெளியிட்டார். ராக் குழுவொன்றின் பாஞ்சோ ஒலியைச் சாம்பிளாகவும், 808-இன் அடியைத் தாளமாகவும் கொண்ட அந்தப் பாட்டின் நீளம் ஒரு நிமிடம் 53 நொடி. கன்ட்ரித் தரவரிசையில் நுழைந்த அதை, இக்காலக் கன்ட்ரி இசையின் கூறுகள் அதில் போதிய அளவு இல்லை என்று கூறி பில்போர்டு 2019 மார்ச்சில் நீக்கியது. கன்ட்ரிப் பாடகர் பில்லி ரே சைரஸ் இணைந்து பாடிய வடிவம் அடுத்த மாதம் வந்தது. அந்தப் பாட்டு பொதுத் தரவரிசையில் 19 வாரம் முதலிடத்தில் நின்று, அதுவரை எந்தப் பாட்டும் எட்டியிராத சாதனையைப் படைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் கன்ட்ரி இசைச் சங்கம் அதற்கு ஒரு விருது வழங்கியது. இரண்டு மாதம் கழித்து கிராமி விருதுக் குழுவும் வழங்கியது, ஆனால் பாப் பிரிவில்.